தன்னை மறைத்துக்கொள்ளும் கதைசொல்லி: ஏமி கார்மைக்கேலின் மிஷனெரி வரலாறுகளில் தொனியும் நடையும்

மிஷனெரி வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு பழைய வார்ப்பு உண்டு. பக்தியுள்ள தாய், இளமையில் மனந்திரும்புதல், அழைப்பு, கப்பல், காய்ச்சல், எதிர்ப்பு, அறுவடை, மகிமைப் பிரவேசம். ஆளை மாற்றினாலும் அத்தியாயங்களின் வரிசை மாறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வகை நூல்கள் குவிந்ததற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. மிஷன் சங்கங்கள் நடந்ததே காணிக்கையில்தான். காணிக்கை கொடுப்பவருக்கு நம்பிக்கையூட்டும் கதை தேவைப்பட்டது. அந்த வார்ப்போடு மோதியவர்களில் ஒருவர் ஏமி கார்மைக்கேல். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின் நடையை எடுத்துக்கொண்டு, அதில் எது வென்றது, எது பிசகியது என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

ஏமி 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்தார். 1893இல் ஜப்பான் சென்றார். உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1895இல் பெங்களூர் வந்தார். 1896 முடியும்போது திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. எழுதிய நூல்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் மூன்று இங்கே முக்கியம்: சர்ச் மிஷனெரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) என்ற ஆங்கில மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் வாக்கரின் வரலாறு (1916), சிவகாசியில் இறந்த ராக்லண்டின் வரலாறு (1922), தம் தமிழ்ச் சக ஊழியர் பொன்னம்மாளின் கதை. வாக்கர் அவருக்குத் தமிழ் கற்பித்தவர், பல ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர். ராக்லண்டோ ஏமி பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். பொன்னம்மாள், டோனாவூரில் ஏமி அடைக்கலம் கொடுத்த குழந்தைகளை அவரோடு தோளோடு தோள் நின்று வளர்த்தவர். 1915இல் புற்றுநோயால் இறந்தார். ஒரே ஆசிரியர், மூன்று வெவ்வேறு தூரங்கள். தொனியை ஆராய இதைவிட வசதியான நிலைமை வாய்ப்பது கடினம்.

தொனி எங்கே பிறந்தது

ஏமியின் நடை வாழ்க்கை வரலாற்றில் தொடங்கியதல்ல. திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்து அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் உருவானது. அந்தக் கடிதங்களை நூலாக்க முயன்றபோது, இன்னும் உற்சாகமூட்டும்படி மாற்றித் தரக் கேட்டார்கள். அவர் மாற்றவில்லை, கையெழுத்துப் பிரதி கிடப்பில் போனது. 1903இல் ஒருவழியாக ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ என்ற பெயரில் வெளிவந்தது. உள்ளதை உள்ளபடி சொல்வது என்ற பிடிவாதம் தலைப்பிலேயே இருந்தது. சொன்னது உண்மைதானா என்று வாசகர்கள் சந்தேகப்பட்டதால், பிந்தைய பதிப்புகளில் மற்ற மிஷனெரிகளின் சான்றுக் கடிதங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. சோர்வூட்டும் செய்தியை எழுதியதற்காக ஓர் ஆசிரியர் சாட்சி கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், அந்த வகை இலக்கியத்தில் வழக்கமான தொனி எதுவாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அனுபவம் அவர் நடையில் நிலையான சில பழக்கங்களை விட்டுச் சென்றது. மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை அவர் முன்னே நிறுத்துவதில்லை. மனம் மாறாமல் திரும்பிப் போனவரைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதுவார். அத்தியாயங்கள் சிறியவை, தலைப்பில் ஒரு மேற்கோள், நடுவே கவிதை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேகமோ மழையோ சில வரிகள், பிறகு சட்டென்று சம்பவத்துக்கு வந்துவிடுவார். வாசகரை நேராக அழைத்துப் பேசுவார். இந்த அழைப்பு சில இடங்களில் அதிகமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுக்கும்.

பெயரிடும் முறையும் கவனிக்கத்தக்கது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்கார மிஷனெரிகளையும் குருமார்களையும் ஐயர் என்றே அழைத்தார்கள்: ரேனியஸ் ஐயர், சார்ஜண்ட் ஐயர். ஏமியின் நூல்களிலும் வாக்கர் ‘ஐயர்’தான், அவர் மனைவி ‘அம்மாள்’, ஏமி ‘மிஸ்ஸி அம்மாள்’. ஆங்கில வாசகருக்கு இது உள்ளூர் வண்ணம். நமக்கு அது வேறு ஒன்றையும் காட்டுகிறது: அவர் எழுதும்போது காதில் ஒலித்தது லண்டன் அலுவலகத்தின் குரல் அல்ல, அவர் வாழ்ந்த பண்ணைவிளைக் கிராமத்துத் தெருவின் குரல்.

ஒரு மரணம், இரண்டு வாக்கியங்கள்

தொனி என்பதை உணர்ச்சியின் அளவு என்று நினைப்பது பொதுவான தவறு. கண்ணீர் அதிகமானால் உருக்கமான நடை, குறைந்தால் வறண்ட நடை என்று பிரித்துவிடுகிறோம். உண்மையில் தொனியைத் தீர்மானிப்பது வினைக்கு எழுவாய் யார் என்பதுதான். ராக்லண்டின் மரணத்தை எடுத்துக்கொள்வோம்.

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் உறுப்பினர் (ஃபெல்லோ). சென்னையில் சி.எம்.எஸ். செயலாளராக இருந்தவர், அந்த நாற்காலியை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலியில் கூடார ஊழியத்தைத் தொடங்கினார். டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கூட இருந்தார்கள். ராக்லண்டுக்குக் காசநோய். ஊர் ஊராகக் கூடாரத்தோடு திரிந்தார். கண்ணுக்குத் தெரிந்த பலன் மிகக் குறைவு. இந்த மரணத்தைக் கீழே நாமே இரண்டு விதமாக எழுதிப் பார்க்கிறோம்.

முதலாவது: “1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லண்டின் நுரையீரலில் இரத்தக் குழாய் வெடித்தது. சற்று நேரத்தில் இறந்தார். வயது 43.”

இரண்டாவது: “அன்று பரம எஜமான் தமது உண்மையுள்ள ஊழியக்காரரை உழைப்பிலிருந்து இளைப்பாறுதலுக்குள் அழைத்துக்கொண்டார்.”

இரண்டாவதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் அதை நம்புகிறார். ஆனால் எழுவாய் மாறியவுடன் நான்கு தகவல்கள் காணாமல் போகின்றன: நோய், இடம், தேதி, வயது. கூடவே ஒரு கேள்வியும் போய்விடுகிறது. காசநோய்க்காரர் ஒருவர் ஏன் வெயிலிலும் மழையிலும் கூடாரத்தில் அலைந்தார்? அவரைத் தடுக்க யாரும் முயன்றார்களா? முதல் வாக்கியத்தைப் படிப்பவர் கேட்பார். இரண்டாவதைப் படிப்பவர் கேட்டால் அது அவிசுவாசம் போலத் தோன்றும். பக்தி நடையின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

ராக்லண்டைப் பற்றி ஏமிக்கு முன்பே, 1861இல், அதே கல்லூரியைச் சேர்ந்த பெரோன் ஒரு நினைவு நூல் எழுதியிருந்தார். இறந்து மூன்றே ஆண்டு. நண்பர்களும் உறவினர்களும் உயிரோடு இருந்த காலம். அந்தக் காலத்து நினைவு நூல் என்றால் கடிதங்களைக் கால வரிசையில் அடுக்கி, இடையிடையே ஆசிரியர் இணைப்புரை எழுதுவது. ஏமி அறுபது ஆண்டு கழித்து அதே மனிதரை எடுத்தபோது அவருக்கு வேறு ஒரு வசதி இருந்தது: ராக்லண்ட் நடந்த மண்ணில் தாமே நடந்திருந்தார், அவர் பேசிய மொழியைத் தாமும் பேசினார். கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் கொடுக்கும் என்ற வசனத்தை (யோவான் 12:24) வரலாற்றின் அச்சாணியாக வைத்தார். அது பொருத்தமான தேர்வு, ஏனெனில் அது ஆசிரியர் வெளியிலிருந்து ஒட்டிய பாடம் அல்ல. ராக்லண்டே தம் ஊழியத்தைப் புரிந்துகொண்ட விதம். பலன் இல்லை என்ற உண்மையை மறைக்காமலே அதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. பாடம் நாயகனின் வாயிலிருந்து வந்தால் அது சான்று. ஆசிரியரின் பேனாவிலிருந்து வந்தால் பிரசங்கம். இந்த வேறுபாட்டை ஏமி பெரும்பாலும் காப்பாற்றினார்.

மறைந்திருப்பதன் விலை

வாக்கரின் வரலாற்றுக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. வாக்கர் 1885இல் திருநெல்வேலிக்கு வந்தார். தமிழில் தேர்ந்தவர், திருச்சபை மன்றத்தின் தலைவராக இருந்தவர், பெயரளவுக்கு மட்டுமான கிறிஸ்தவம் மலிந்திருப்பதைக் கண்டு மனம் நொந்தவர், பதவியை விட்டு விலகிக் கிராம ஊழியத்துக்குப் போனவர். அப்போஸ்தலர் நடபடிகளுக்கு விரிவுரை எழுதியவர். 1912 ஆகஸ்ட் 24 அன்று, கூட்டங்கள் நடத்தச் சென்றிருந்த மசூலிப்பட்டினத்தில், திடீரென்று இறந்தார். நான்கு ஆண்டுகளில் ஏமியின் நூல் வந்துவிட்டது.

வாக்கரைப் பற்றி நேரில் அறிந்தவர்களில் ஏமியைவிட நெருக்கமானவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவர் நடையின் அடிப்படைக் குணம் தன்னைப் பின்னுக்குத் தள்ளுவது. தன் பெயரை முன்னே கொண்டுவரமாட்டார்; ‘நாங்கள்’ என்பார், அல்லது பெயரில்லாத ஒருவராக ஓரமாக நிற்பார். படிக்கும்போது இது தாழ்மையாகத் தெரிகிறது. தாழ்மைதான், சந்தேகமில்லை. ஆனால் வரலாற்று எழுத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. சாட்சி சொல்பவர் முகத்தை மறைத்துக்கொண்டால், அந்தச் சாட்சியை எவ்வளவு எடை போடுவது என்று வாசகருக்குத் தெரியாது. வாக்கர் ஒரு மாலையில் மனம் உடைந்து பேசினார் என்று வந்தால், அதைக் கேட்டவர் யார்? அவர் மனைவியா, ஏமியா, கடிதத்தில் படித்ததா? மூன்றுக்கும் மூன்று மதிப்பு. ‘நான் அங்கே இருந்தேன்’ என்ற மூன்று சொற்கள் அகந்தை அல்ல, ஆதாரக் குறிப்பு.

இரண்டாவது விளைவு இன்னும் நுட்பமானது. வாக்கர் மன்றத் தலைமையை விட்டது ஒரு சர்ச்சையின் முடிவு. சர்ச்சைக்கு இரண்டு பக்கம் இருக்கும்: ஒழுங்கைக் கடுமையாக்க நினைத்த ஒரு வெள்ளைக்கார மிஷனெரி, மறுபக்கம் தங்கள் சபையைத் தாங்களே நிர்வகிக்கக் கற்றுக்கொண்டிருந்த தமிழ்க் குருமாரும் சபைத் தலைவர்களும். வாக்கரின் வேதனை அவருடைய கடிதங்களில் இருக்கிறது. கடிதங்கள் ஏமியின் கையில் இருந்தன. எதிர்ப்பக்கத்தின் வேதனை எந்தக் கடிதப் பெட்டியிலும் இல்லை. நெருங்கிய நண்பர் எழுதும் வரலாற்றில் எதிராளி தீயவராகச் சித்திரிக்கப்படுவதில்லை. அதைவிட மோசமாக, வெறும் சூழ்நிலையாக மாறிவிடுகிறார். பெயர் இல்லை, வாதம் இல்லை, ‘தடைகள்’ என்ற பன்மையில் கரைந்துபோகிறார்.

பெயரை மறைப்பதில் நியாயமான காரணமும் உண்டு என்பதை மறுக்க முடியாது. டோனாவூரில் அடைக்கலம் புகுந்த பெண்களின் குடும்பங்கள் நீதிமன்றம் போயின. முத்தம்மாள் வழக்கில் 1911இல் தீர்ப்பு ஏமிக்கு எதிராக வந்தது. சிறுமியை ஒப்படைக்கும்படி உத்தரவாயிற்று. அதற்குள் சிறுமி டோனாவூரை விட்டு மறைந்து, கடைசியில் சீனம் வரை போய்ச் சேர்ந்தாள். இப்படிப்பட்ட காலத்தில் மதம் மாறியவரின் உண்மைப் பெயரை அச்சில் போடுவது ஆபத்து. பாதுகாப்புக்காகப் பெயர் மாற்றுவது ஒன்று. முப்பது ஆண்டு கூடவே உழைத்த உபதேசியாரை (உள்ளூர்ச் சபை ஊழியரை)ப் பெயரில்லாமல் ‘ஒரு உள்ளூர் உதவியாளர்’ என்று தாண்டிப் போவது வேறொன்று. பழைய மிஷன் நூல்களில் இரண்டாவது பழக்கம் சர்வசாதாரணம். பொன்னம்மாளுக்கென்று தனி நூல் எழுதியதன் மூலம் ஏமி அந்தப் பழக்கத்தை நேராக உடைத்தார். ஒரு தமிழ் விதவையை ஆங்கில மிஷன் நூல் ஒன்றின் நாயகியாக நிறுத்தியது அன்று அரிதான காரியம்.

முத்தம்மாள் வழக்கு தொனிக்கு இன்னொரு உரைகல். மிஷன் தரப்பு வரலாற்றில் அது ‘மீட்பு’. எதிர்த்தரப்பு வக்கீலின் வாயில் அது ‘கடத்தல்’. நீதிமன்ற உத்தரவு இருந்தது என்ற உண்மையை ஆசிரியர் எந்த வாக்கியத்தில் வைக்கிறார், சிறுமி தப்பிய பரபரப்புக்கு முன்னாலா பின்னாலா, என்பதைப் பார்த்தாலே அவருடைய நேர்மையின் அளவு தெரிந்துவிடும்.

ஏமியே நாயகியானபோது

தன்னை மறைத்துக்கொண்டவரைப் பற்றி வரலாறு எழுதுவது யாருக்கும் சங்கடமான வேலை. 1953இல், இறந்து இரண்டே ஆண்டுகளில், ஃபிராங்க் ஹௌட்டன் எழுதினார். சீன உள்நாட்டு மிஷனின் தலைவராகவும் பேராயராகவும் இருந்தவர். அன்பர் ஒருத்திக்கும் அவள் நேசருக்கும் இடையிலான கதை என்பதாகத் துணைத்தலைப்பு வைத்தார். அந்தத் துணைத்தலைப்பே நடையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த அன்பின் அடையாளங்களாக வரிசையில் நிற்கின்றன. அடையாளமாக மாறாத சம்பவத்துக்கு அங்கே இடம் குறுகல்.

1987இல் எலிசபெத் எலியட் எழுதினார். அவர் கணவர் ஜிம் எலியட் 1956இல் ஈக்வடாரில் ஊழியத்தின்போது கொல்லப்பட்டவர். ஊழியத்தின் விலையைத் தன் வீட்டிலேயே கொடுத்தவர். ஏமியை நேரில் அறியாதவர். இந்த இரண்டும் சேர்ந்து அவர் வாக்கியங்களுக்கு ஒரு இறுக்கத்தைக் கொடுக்கின்றன. பதில் தெரியாத இடத்தில் பதில் சொல்லாமல் நிற்கத் தெரிகிறது. ஏமியின் பிடிவாதத்தைப் பிடிவாதம் என்றே காட்டுகிறார். வழிபாட்டுணர்ச்சி முற்றிலும் விலகிவிடவில்லை, ஆனாலும் நாயகியோடு வாதாட இடம் இருக்கிறது.

இருவருக்குமே பொதுவான சோதனை ஒன்று: ஸ்டீபன் நீல். 1924இல் டோனாவூருக்கு வந்து, கருத்து வேறுபட்டு அடுத்த ஆண்டே விலகியவர், பின்னாளில் அதே திருநெல்வேலியின் பேராயர். அறிவாளி, சொற்திறம் மிக்கவர், தீயவர் என்று ஒதுக்க முடியாதவர். ஏமியின் வரலாற்றை யார் எழுதினாலும், தமிழில் எழுதினாலும், இந்த இடத்தில் எத்தனை பத்தி செலவழிக்கிறார்கள் என்று முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது.

சிறுவர் நூல்களும் சுருக்கப் பதிப்புகளும் வேறு வழியில் கெடுகின்றன. சிறுமி ஏமி நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்ததாகவும், கிடைக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. பெரியவளானபின் பழுப்புக் கண்தான் இந்திய உடையில் அவரை அடையாளம் தெரியாமல் காத்தது என்று முடிச்சுப் போடுவார்கள். குழந்தைப் பருவச் சம்பவமும் பிந்தைய உடையும் தனித்தனித் தகவல்கள்; இரண்டையும் இணைக்கும் கோடு ஏமியோ பிற்காலத்தவரோ போட்ட விளக்கம். சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘பின்னாளில் இப்படி நினைத்துக்கொண்டார்’ என்ற இணைப்பு வாக்கியம். அது உதிர்ந்ததும் விளக்கம் சம்பவமாகிவிடுகிறது.

1901 மார்ச்சில் பிரீனா என்ற சிறுமி, கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படும் சிறுமிகள் வளர்க்கப்பட்ட கோயில் வீட்டிலிருந்து தப்பிப் பண்ணைவிளைக்கு வந்த நிகழ்ச்சிக்கும் இதே கதி. அவளே ஓடிவந்தாள், ஒரு கிறிஸ்தவப் பெண் அழைத்துவந்தாள், பிறகுதான் ஏமி வருகிறார். சுருக்கப் பதிப்பில் ‘ஏமி பிரீனாவைக் காப்பாற்றினார்’. எழுவாய் மீண்டும் மாறிவிட்டது. தப்பியவளின் துணிச்சல் போய்விட்டது. இதன் நீட்சியாகத் தேவதாசி முறையையே ஏமி ஒழித்தார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947இல். அதற்காகச் சட்டமன்றத்தில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏமி செய்தது வேறு வேலை, வேறு அளவில்: வந்த குழந்தைகளை வளர்த்தது. அதைச் சொல்லவே ஒரு நூல் போதாது, மிகை எதற்கு?

தமிழில் எழுதும்போது

தமிழில் மிஷனெரி வரலாறு எழுதுபவர்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொறி இருக்கிறது: அவன், அவர். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் பவுலும் பேதுருவும் ‘அவன்’தான். அந்த நடையில் ஊறியவர்கள் எழுதிய வரலாறுகளில் வெள்ளைக்கார மிஷனெரி ‘அவர்’ ஆகிறார், உபதேசியார் ‘அவன்’ ஆகிறார், வேலைக்காரி ‘அவள்’. ஆசிரியர் நினைத்துச் செய்வதல்ல. விகுதி தானே சாதியையும் நிறத்தையும் எழுதிவிடுகிறது. முதல் பிரதி முடிந்ததும் வினைமுற்றுகளை மட்டும் தேடி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் எல்லோருக்கும் ‘அவர்’ என்று முடிவு செய்தால் கோயில் பூசாரிக்கும் ‘அவர்’தான்.

வேதாகமத் தமிழை எவ்வளவு விடுவது என்பதும் கையைக் கடிக்கும். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், திறப்பிலே நின்றார், ஆத்தும பாரம், அக்கினி அனுபவம் போன்ற தொடர்கள் சபைக்குள் பொருள் தெளிவானவை. கதாபாத்திரத்தின் கடிதத்திலும் ஜெபத்திலும் அவை உயிரோடு இருக்கும். ஆசிரியரின் இணைப்புரையில் வந்தால் இரண்டு குரலும் ஒன்றாகிவிடும், எது சான்று எது கருத்து என்று பிரிக்க முடியாது.

ஒரு நூலின் தொனியைச் சோதிக்க முழுவதும் படிக்க வேண்டியதில்லை. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் பத்துப் பத்துப் பக்கம் எடுத்து, கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை போன்ற நேர்ச்சான்றுக்கு ஒரு நிறம், ஆசிரியர் விவரிப்புக்கு ஒன்று, பாடம் புகட்டும் வாக்கியத்துக்கு ஒன்று என்று கோடிடுங்கள். மூன்றாவது நிறம் பக்கத்துக்கு இரண்டு இடத்துக்கு மேல் வந்தால் அது வாழ்க்கை வரலாறு அல்ல, பிரசங்கத் தொகுப்பு. அடுத்து உரையாடல்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் அதைக் கேட்டிருக்கக்கூடியவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியாதவை கற்பனை. பிறகு அத்தியாயம் வாரியாக ஆண்டுகளைக் குறியுங்கள். இரண்டு ஆண்டுக்கு மூன்று அத்தியாயமும் அடுத்த பத்து ஆண்டுக்கு ஒரே பத்தியும் வந்தால், அந்தப் பத்து ஆண்டில்தான் சண்டையோ சோர்வோ தோல்வியோ கிடக்கிறது. கடைசியாக, பெயரோடு வரும் தமிழர்களை எண்ணிப் பாருங்கள்.

புதிதாக எழுதுபவர் மூலத்துக்குப் போக வழி இருக்கிறது. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் உள்ளன. அங்கே மிஷனெரிகள் ஆண்டுதோறும் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களை முதலில் எடுக்கத் தோன்றும், ஏனெனில் அவை படிக்கச் சுவையானவை. ஆனால் அவற்றின் பகுதிகள் அச்சாகும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை அவை. தொனி அங்கேயே ஏறியிருக்கும். செயலாளருக்கு எழுதிய அலுவல் கடிதங்களையும், மன்றக் கூட்டக் குறிப்புகளையும், வரவு செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் வாக்கர் எதற்காக நாற்காலியை விட்டார், எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் என்ன என்பதெல்லாம் அகப்படும்.